சீட்டியும் சீட்டும்: ஒட்டுப்போர்வையின் பின்பக்கம்

நாராயணவனத்தில் கல்யாண வெங்கடேசுவரர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் தெருவொன்றில், சென்ற ஆண்டு கள ஆய்வின்போது, ஓர் அம்மையார் துணியைத் தாளோடு சேர்த்துத் தையல் இயந்திரத்தில் தைத்துக்கொண்டிருக்கக் கண்டேன். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். அதில் எட்டு முனை நட்சத்திரத்தின் கால்பகுதி அளவுகோலால் வரையப்பட்டிருந்தது; ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 1, 2, 3 என எண்கள். துணித் துண்டு தாளின் அடியில் இருந்தது. ஊசி தாளின் மேலுள்ள கோட்டின் வழியே இறங்கியது. ஒரு துண்டைத் தைத்ததும் அதை மடித்துப் புரட்டி, நகத்தால் அழுத்தி, மிஞ்சியதைக் கத்தரித்து, அடுத்த எண்ணுக்குரிய துண்டை வைத்தார். கட்டம் முழுதும் நிரம்பியதும் தாளைக் கிழித்தெடுத்தார். ஊசி போட்ட துளைகள் வரிசையாக இருந்ததால் தாள் கோட்டின் வழியே எளிதில் விட்டுவந்தது. முன்பக்கம் திருப்பியபோது, கையால் அளந்து தைத்தால் எளிதில் அமையாத கூர்முனைகள் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. தாளில் இடப்பக்கம் வரைந்தது துணியில் வலப்பக்கம் இருந்தது.

கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்றதாகச் சொன்னார். கிழித்த தாள்களைக் கேட்டேன். “குப்பைய வச்சிக்கினு இன்னா பண்ணப் போற தம்பி? உள்ளயே உட்டா தொவைக்கும்போது கூழாப் பூடும், அதான் கிழிக்கிறது” என்று சிரித்துக்கொண்டே ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார். தாள்களில் அவருடைய பேத்தியின் தெலுங்குக் கையெழுத்து இருந்தது. அவ்வூரில் வீட்டுமொழி தமிழாகவும் பள்ளிமொழி தெலுங்காகவும் உள்ள குடும்பங்கள் பல. 1960 ஏப்ரல் 1இல் பட்டாஸ்கர் பரிந்துரைப்படி எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. புத்தூரும் நாராயணவனமும் ஆந்திரத்திலேயே நின்றன.

அந்தத் தாள்களை முன்வைத்தே இப்பதிவை எழுதுகிறேன். துணி வரலாற்றை ஆய்வோர் ஒட்டுப்போர்வையின் எந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள், எந்தப் பக்கத்தைப் படிக்காமல் விடுகிறார்கள் என்பது சில ஆண்டுகளாகவே என்னை உறுத்திவரும் கேள்வி.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். தாளைக் கொண்டு துணியை இணைக்கும் முறைகள் இரண்டு. அம்மையார் செய்தது, ஒரே தாளில் முழுக் கட்டத்தையும் வரைந்து, அத்தாளையே அடித்தளமாக வைத்து அதன்மீது தைப்பது. தையல் இயந்திரத்தோடு ஒத்துப்போகும் இம்முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பெரிதும் பரவியது. இதைவிடப் பழையது இங்கிலாந்தில் வழங்கிய கைவேலை. அதில் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனித் தாள் உண்டு. அறுகோணமோ சாய்சதுரமோ, வேண்டிய வடிவில் தாளைத் துல்லியமாக வெட்டி, துணியைச் சற்றுப் பெரிதாக வெட்டி, தாளின் விளிம்பைச் சுற்றி மடித்து, நம் தையற்காரர்கள் கச்சாத் தையல் என்று சொல்லும் தற்காலிகத் தையலால் பிடித்துவைப்பார்கள். பிறகு இரு துண்டுகளின் மடித்த விளிம்புகளையும் சேர்த்துப் பொடித் தையலிட்டு இணைப்பார்கள். சுற்றிலும் துண்டுகள் சேர்ந்த பின் கச்சாத் தையலைப் பிரித்துத் தாளை எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்டவையும் உண்டு. வேலை பாதியில் நின்று பெட்டிக்குள் போன போர்வைகளில் தாள் அப்படியே இருக்கும். வரலாற்றாய்வாளருக்கு வாய்த்த நற்பேறு அது.

இம்முறையின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று 1718 என ஆண்டும் இ. எச். என்னும் முதலெழுத்துகளும் பொறித்த பட்டுப் போர்வை. ஆண்டு பொறித்த பிரிட்டானிய ஒட்டுப்போர்வைகளில் இதுவரை அறியப்பட்டவற்றுள் இதுவே பழையது; பிரிட்டனின் குவில்டர்ஸ் கில்டு அமைப்பின் தொகுப்பில் உள்ளது. விலங்குகளும் பறவைகளும் மலர்களும் மனித உருவங்களும் அதில் உண்டு. ஒரு துணியின் மேல் இன்னொன்றை வைத்துத் தைத்த உருவங்கள் அல்ல அவை. தாளைச் சுற்றி மடித்த துண்டுகளைப் பக்கத்தில் பக்கம் வைத்து இணைத்தவை. ஒரு மானின் முதுகு வளைவைத் தாளில் வெட்டி, அதற்கு எதிர்வளைவைப் பின்னணித் துணியின் தாளிலும் வெட்டி, இரண்டையும் சுருக்கம் விழாமல் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தைத்துப் பார்த்தவர்களே அறிவர். 1718இலேயே இத்தனை தேர்ச்சி இருந்ததென்றால், கலை அதற்கும் முற்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

பின்பக்கத் தாள்கள் ஆய்வாளர்களுக்கு விருப்பமானவை. அன்றைய வீடுகளில் தாள் விலையுள்ள பொருள். எழுதிப் பயன் முடிந்த தாளே போர்வைக்கு வந்தது. ஆகவே பழைய கடிதங்கள், கணக்கேட்டுப் பக்கங்கள், நாளிதழ்த் துண்டுகள், குழந்தைகள் எழுத்துப் பழகிய ஏடுகள் எல்லாம் துணிக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. அறுகோணத்துக்குள் அகப்பட்ட அரை வாக்கியத்தைப் படித்து ஒரு வீட்டின் கடனையும் நோயையும் திருமணத்தையும் ஊகிப்பதில் ஒரு துப்பறியும் இன்பம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மாணவர்கள் ஒன்றை மறக்கலாகாது. தாளில் 1790 என்று இருந்தால், அத்துண்டு 1790க்கு முன் தைக்கப்படவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று. கடிதம் முப்பது ஆண்டு பரணில் கிடந்த பிறகும் வெட்டப்பட்டிருக்கலாம். துணியோ கடிதத்தைவிட மூத்ததாக இருக்கலாம்; பாட்டியின் பாவாடை பேத்தியின் போர்வைக்கு வருவது எந்த நாட்டிலும் நடப்பதுதான். ஒரே துண்டில் தாளுக்கு ஒரு வயது, துணிக்கு ஒரு வயது, தையலுக்கு ஒரு வயது.

இனி முன்பக்கம். நம் கரை உள்ளே வருவது இங்குதான்.

இங்கிலாந்தின் வடமேற்கில் லெவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில் ஒட்டுவேலைப் படுக்கை விரிப்பும் தொங்குதிரைகளும் உள்ளன. சுமார் 1708இல் தைக்கப்பட்டவை என்பது அக்குடும்பத்தின் மரபுவழிச் செய்தி. அவற்றின் துண்டுகள் இந்தியச் சீட்டித்துணி. சீட்டி என்ற சொல்லை இன்றைய மாணவர்கள் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். பூவும் கொடியும் எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணிக்குத் தமிழில் அதுவே பெயர்; ஆங்கிலத்தின் சின்ட்ஸ் என்பதும் தெறித்த புள்ளியைக் குறிக்கும் அதே வடநாட்டுச் சொல்லிலிருந்து போனதுதான். தாளைக் குறிக்கும் சீட்டு வேறு சொல். ஒலியொப்புமையை வைத்து வேர் தேடப் புறப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். தலைப்பில் நானே அந்த விளையாட்டை ஆடியிருக்கிறேன்.

1700இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இந்தியாவிலிருந்து வந்த எழுதிய, அச்சடித்த, சாயமிட்ட பருத்தித் துணிகளை 1701 செப்டம்பர் இறுதியிலிருந்து அந்நாட்டில் உடுத்தத் தடை செய்தது. மறு ஏற்றுமதிக்குத் தடையில்லை. வெள்ளைத் துணியை இறக்கி இலண்டனிலேயே அச்சடித்துக்கொள்வது என்ற வழி திறந்தே இருந்தது. ஆகவே கம்பளி, பட்டு நெசவாளர்களின் கோபம் அடங்கவில்லை. 1719இல் இலண்டன் ஸ்பிட்டல்பீல்ட்சு நெசவாளர்கள் தெருவில் பருத்திச் சீட்டி உடுத்திச் சென்ற பெண்களைத் துரத்தி ஆடையைக் கிழித்தார்கள். அடுத்த சட்டம் 1722 டிசம்பர் 25 முதல் உடைக்கு மட்டுமின்றி மெத்தை, திண்டு, திரைச்சீலை ஆகியவற்றுக்கும் தடையை விரித்தது. மஸ்லினுக்கும் முழு நீலமாகச் சாயமேற்றிய துணிக்கும் விலக்கு இருந்தது. 1774இல்தான் தடை நீங்கியது. பிரான்சிலும் 1686 முதல் 1759 வரை இத்தகைய தடை இருந்தது.

இதிலிருந்து, ‘தடையால் சீட்டி அரிதாயிற்று, அரிதானதால் துண்டுகளையும் சேமித்தார்கள், சேமித்ததால் ஒட்டுப்போர்வைக் கலை பிறந்தது’ என்றொரு கதை வழங்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முன்சொன்ன 1718 போர்வை பட்டு. அதில் சீட்டிக்கு இடமில்லை. தாளைச் சுற்றித் துணி மடிக்கும் கைத்திறன் பட்டிலேயே முதிர்ந்திருந்தது என்பதையே அது காட்டுகிறது. தடை ஒரு கலையைப் பிறப்பிக்கவில்லை. முன்பே இருந்த கலைக்குள் புதிய பொருளை இழுத்துவந்தது, அவ்வளவே. சீட்டியின் கெட்டிச் சாயம் துவைத்தாலும் போகாது. நெருக்கமான பருத்தி நெசவு தாளின் விளிம்பில் மடிந்து படியும். பட்டுத் துண்டு பிரிவதுபோல் அது பிரிவதில்லை. தைப்பவருக்கு இவை சிறிய வசதிகள் அல்ல.

அந்தச் சாயம் எப்படி ஏறியது என்பதற்கு 1734 அளவில் எழுதப்பட்ட ஓர் ஆவணம் இருக்கிறது. பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, பாரிசில் சாய வேதியியல் ஆய்ந்த டூஃபே கேட்டுக்கொண்டபடி, புதுச்சேரியில் தம் கண்முன் ஒரு சீட்டியை எழுதச் செய்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அப்படியின் விவரிப்போடு சேர்த்துவைத்தார். பதினொரு துண்டுகள். கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய மஞ்சள் கலந்த வெண்மையில் தொடங்கி, இரும்பும் புளிப்பும் சேர்ந்த கருஞ்சாற்றால் எழுதிய கோடு, படிகாரம் தடவிய இடங்களில் இம்பூறல் என்னும் சாயவேர் பிடிக்கும் சிவப்பு, மெழுகு பூசி அவுரியில் தோய்த்த நீலம் என்று ஒரு பூ படிப்படியாக நிறம் பெறுவதை அதில் காணலாம். 1742இல் கேர்தூ என்னும் இயேசு சபைத் துறவி எழுதிய நீண்ட கடிதமும் இதே தொழிலை விவரிக்கிறது. புதிதாக மதம் மாறிய சீட்டித் தொழிலாளர்களிடம் கேட்டறிந்து எழுதியது.

இவ்விவரிப்புகளில் என் கவனத்தை ஈர்ப்பது வேறொரு செய்தி. சீட்டி எழுதுவோர் முதலில் உருவத்தைத் தாளில் வரைந்து, கோட்டின் வழியே ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டனர். அத்தாளைத் துணியின் மேல் விரித்துக் கரித்தூள் முடிச்சால் தட்டினால், துளைகளின் வழியே தூள் இறங்கித் துணியில் புள்ளிக்கோடாகப் படியும். அதைப் பிடித்துக்கொண்டு கலத்தால் எழுதினார்கள். ஆக, போர்வைத் துண்டு ஒன்றின் வாழ்வில் தாள் இருமுறை வருகிறது. இங்கே துணிக்கு மேலிருந்து, துளையிட்ட தாளாக. அங்கே துணிக்குப் பின்னிருந்து, எழுதிக் கழித்த தாளாக. இரண்டாவது தாள் சில போர்வைகளில் எஞ்சியது. முதல் தாள் கரிபடிந்து, நைந்து, தொழில் நடந்த இடத்திலேயே அழிந்தது. நாராயணவனத்து அம்மையார் கொடுத்த துளைபட்ட தாள்களைக் கையில் வாங்கியபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கரித்தாள்தான். அதே திருப்பதி மாவட்டத்துக் காளத்தியில் இன்றும் கலம்காரி எழுதுகிறார்கள். அங்கே பெரும்பாலும் துணியின் மீதே கரிக்குச்சியால் நேரடியாக வரைகிறார்கள்.

தாள் எஞ்சிய பக்கத்துக்கு எழுத்து இருக்கிறது. ஆகவே பெயர் இருக்கிறது. துணியின் பக்கத்துக்கோ ஊர்ப்பெயர்கூட இல்லை. வெளிநாட்டு வணிகம் துணிகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். காலிகோ, கோழிக்கோட்டிலிருந்து. மெட்ராஸ் என்றால் கட்டம் போட்ட துணி. புலிகாட் என்பது ஆங்கிலத்தில் ஒருவகை வண்ணக் கைக்குட்டை, அது பழவேற்காடு. பிற்காலத்தில் ஸ்காட்லாந்தில் நெய்ததற்கும் அதே பெயர்தான். எல்லாம் துறைமுகங்கள். துறைமுகத்தில் துணி ஏற்றினார்கள். நெய்ததெல்லாம் உள்நாட்டுச் சிற்றூர்களில். டச்சுக் கும்பினி 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்து, 1613இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டியது. அவர்கள் வாங்கிய துணிக்கு வணிகர்கள் உள்நாட்டு நெசவூர்களில் முன்பணம் கொடுத்து வைத்திருந்தனர். நாராயணவனத்தை ஒட்டி ஓடும் ஆரணியாறு சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் போய்ச் சேருவது அதே பழவேற்காட்டுப் பகுதியில்தான். புத்தூர், நகரி, நாராயணவனம் ஆகிய நெசவூர்களுக்கும் கடலுக்கும் இடையே உள்ள தொலைவு அவ்வளவே. ஆனால் அருங்காட்சியகப் பெயர்ச்சீட்டில் நாம் காண்பது ‘சோழமண்டலக் கரை’ என்ற இரு சொற்கள். நீண்ட கரை முழுமைக்கும் ஒரே முகவரி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை சற்று மாறியது, ஆனால் நமக்குச் சாதகமாக அன்று. 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணிகளின் மாதிரிகளைத் தாளில் ஒட்டிப் பதினெட்டுத் தொகுதிகளாக்கினார். எழுநூறு மாதிரிகள், இருபது பிரதிகள், பதின்மூன்று பிரிட்டனுக்கு, ஏழு இந்தியாவுக்கு. இங்குள்ளோர் எதை உடுத்துகிறார்கள் என்று பார்த்து அதையே ஆலையில் நெய்து விற்கட்டும் என்பது நோக்கம். அளவு, எடை, விலை, ஊர் என்றெல்லாம் குறிப்பு இருந்தது. நெய்தவர் பெயருக்கு அங்கே இடமில்லை. துணித் துண்டைத் தாளில் ஒட்டும் வேலையைப் பொலியூவும் செய்தார், வாட்சனும் செய்தார், போர்வை தைத்த பெண்களும் செய்தார்கள். மூவரில் கடைசியவர்தான் நகல் எடுக்கும் எண்ணமின்றிச் செய்தவர்.

நம் பக்கத்தில் இத்தகைய தாள் போர்வை ஏன் இல்லை என்று மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஒட்டுத்தையல் நமக்குப் புதிதன்று. சிலம்பின் இந்திரவிழாப் பகுதியிலேயே துன்னகாரர் வருகின்றனர். ஆனால் பொருநராற்றுப்படையில் பொருநனின் ஆடை பல தையல் கண்ட கந்தல். கரிகாலன் அதைக் களைந்து புத்தாடை தருவதே பரிசில். ஒட்டு என்பது களைய வேண்டிய வறுமையாகவே நம் இலக்கியத்தில் பெரும்பாலும் நின்றது. கோயில் தேரில் தொங்கும் தொம்பையும் விதானச் சீலையும் இதற்கு மதிப்புமிக்க விலக்குகள். வீட்டில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த மெத்தை இருந்தது. தெலுங்கில் அதற்குப் பொந்த என்று பெயர். கர்நாடகத்தின் உத்தர கன்னடத்துச் சித்தி மக்கள் தைக்கும் கவந்தியும் இவ்வகையே: அடியில் ஒரு பழஞ்சேலை, அதன்மேல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துண்டுகள். அடித்தளம் உண்டு; ஆனால் அது துணி. பிரித்தெடுக்க வேண்டியதில்லை.

தாளை அடித்தளமாக்குவதற்கு முதலில் வீட்டில் வீணான தாள் இருக்க வேண்டும். கடிதம் வரும் வீடாக, கணக்கெழுதும் வீடாக, பெண்கள் கையில் பழைய எழுத்து தங்கும் வீடாக அது இருக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் எழுத்து பெரும்பாலும் ஓலையில் இருந்தது. நெசவாளர் வீட்டில் அதுவும் அரிது. ஓலையை மடிக்க முடியாது. ஊசி பட்டால் நார் வழியே பிளக்கும். துல்லியமான அறுகோணம் இங்கே பிறக்காமைக்குக் கைத்திறன் குறைவு காரணமன்று. ஒரே பூக்கொடியை ஊசித்துளை வழியே பிசகாமல் எழுதிய கைகள் அவை.

இத்துறைக்கு வர விரும்பும் மாணவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. ஒட்டுப்போர்வையில் ‘இந்தியச் சீட்டி’ என்று குறித்திருப்பதை அப்படியே ஏற்காதீர்கள். 1774ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டனில் நெய்த முழுப் பருத்தித் துணியின் ஓரத்துப் பாவில் மூன்று நீல இழைகள் இருக்க வேண்டும் என்றது. 1811 வரை அது நடைமுறையில் இருந்தது. துண்டின் ஒரு பக்கம் நெசவு ஓரமாக அமைந்து, அதில் அந்நீல இழைகள் தென்பட்டால் அது சோழமண்டலத்துத் துணி அன்று. ஓரம் பெரும்பாலும் மடிப்புக்குள், தாளை ஒட்டியே இருக்கும். ஆகவே தாளைப் படிக்கத் தையலைப் பிரிப்பவர் துணியின் ஓரத்தையும் பார்த்து எழுதிவிட்டால், ஒரே முறை பிரித்தது இரு சான்றாகும். எழுத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டு மீண்டும் தைத்து மூடிவிட்டால், துணி பேசக்கூடிய ஒரே தருணம் வீணாகிறது. சிப்பாய்களின் போர்வைகளில் இந்த வழி உதவாது. இந்தியாவில் பணியாற்றிய பிரான்சிஸ் பிரேலி 1864க்கும் 1877க்கும் இடையில் தைத்தது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது சீருடைக் கம்பளி. தைத்தவர் பெயரே தெரிந்த அரிய பொருள்.

அம்மையார் கொடுத்த தாள்களுக்குத் திரும்புகிறேன். அவை பதினேழு துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் உரிய துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டு, தாளின் பின்புறம் பென்சிலால் குறித்துவைத்தேன். ஒன்று அவர் கணவர் தறியில் நெய்த லுங்கியின் வெட்டுத்துணி. இரண்டு, மகளின் பள்ளிச் சீருடை. நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒன்றைப் பார்த்து, இது நிச்சயம் உள்ளூர்க் கைத்தறி என்று நானே எழுதிவிட்டேன். அவர் வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். “இது நம்ம ஊரு இல்ல தம்பி. நகரி பவர்லூமு. ஓரத்தப் பாரு” என்றார். அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டேன்.